பேசாக்கிணறு

கேளுங்க. ரயிலு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம். தேரிக்காட்டுக்குள்ள ரோடுன்னு ஒண்ணு கெடையாத காலம். அந்தக் காலத்துல உடங்காட்டுவிளைன்னு ஒரு ஊரு. நாம இப்பம் உக்காந்திருக்கோமே, இதே ஊருதான். முப்பது வீடு, ஒரு வேதக்கோயிலு, ஒரே ஒரு கிணறு. கெழக்க பனங்காடு. மேக்க தேரி. செவப்பு மணலு, மலை கணக்கா நிக்கும்.

இதுக்கு முந்தியும் ஒரு உடங்காட்டுவிளை இருந்துதாம். மேக்க அரை மைலு தள்ளி. அத மணல் தின்னுட்டுன்னு சொல்லுவாவ. ஒரு நாள்ல தின்னுரல. வருசத்துக்குப் பத்தடி, பதினஞ்சடி. ஆனி, ஆடியில மேக்க இருந்து மேகாத்து அடிக்கும்லா, அப்பம் தேரி நடக்கும். சும்மா சொல்லல, நடக்கும். காலையில ஆட்டைக் கட்டிப் போட்ட எடத்துல சாயங்காலம் மேடு நிக்கும். பழைய ஊருப் பனையெல்லாம் கழுத்தளவு மணலுக்குள்ள நின்னுது. மரம் ஏறவே வேண்டாம், குனிஞ்சு நொங்கு பறிக்கலாம். ஆனா ஒருத்தரும் பறிக்க மாட்டாவ. அதுக்குக் கீழ வீடு கெடக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஊருக்கு ஒரு உபதேசியாரு வந்தாரு. பேரு வேதக்கண்ணு. பாதிரியாரு மூணு மாசத்துக்கு ஒருக்காத்தான் மாட்டு வண்டியில வருவாரு. மத்த நாளெல்லாம் ஜெபம் நடத்த, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க, புருசன் பொஞ்சாதி சண்டையத் தீத்து வைக்க, எல்லாத்துக்கும் உபதேசியாருதான். இவரு படிச்சவரு. வெளியூர்க்காரரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, குடை. அந்தக் குடையப் பிடிக்க ஒரு ஆளு. கொரலுன்னா கொரலு, அப்படிக் கொரலு. கோயில்ல நின்னு பாடினாருன்னா பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் கேக்குமாம்.

கெட்ட மனுசன்னு யாரும் சொல்லல. திருட மாட்டாரு, குடிக்க மாட்டாரு. ஆனா தான் சொன்னா ஊரு கேக்கணும். உக்காருன்னா உக்காரணும். மணி அடிச்சு முடிக்கும்முன்ன உள்ள வரலன்னா வெளியில நிக்கணும். அதுதான் பக்தின்னு அவரு நெனச்சாரு. ஊரும் அதுதான் பக்தின்னு நெனச்சுது, ஆமா.

ஊருக்கு மேக்கோரமா கடைசிக் குடிசை ஒண்ணு. அதுல பரிபூரணம்னு ஒரு பொம்பளை, அவளுக்கு முப்பது வயசு இருக்கும். புருசன் செத்துப் போனவ. கூட அவளப் பெத்த அய்யா மாசிலாமணி. அந்தக் காலத்துல பெரிய பனையேறி. பனையிலேருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு, நாலு வருசமாக் கட்டில்ல கெடந்தாரு. ஆடி மாசம் வந்தா அவளுக்கு வேற வேலையே கெடையாது. விடிஞ்சா பெட்டிய எடுப்பா. பனையோலையில முடைஞ்ச கடவப்பெட்டி. வாசல்ல ஏறுன மணல அள்ளுவா, கொட்டுவா. அள்ளுவா, கொட்டுவா. அள்ளலன்னா கதவு தொறக்காது.

ஒரு ஞாயித்துக்கெழமை அவ கோயிலுக்கு வரல. ஜெபம் முடிஞ்சு உபதேசியாரு குடையோட அங்கன போயிட்டாரு. பின்னாலயே ரெண்டு மூணு பேரு.

"ஏன் கோயிலுக்கு வரல?"

"அய்யா, வாசல்ல மணல் ஏறிட்டு. எங்கய்யா உள்ள கெடக்காவ."

"ஓய்வுநாள்ல மண் சுமக்கலாமா?"

அவ பெட்டிய எறக்கவே இல்ல. சொன்னாளாம்: "மணலுக்கு ஓய்வுநாள் கெடையாதே அய்யா."

பின்னால நின்னவனுவள்ல ரெண்டு பேரு சிரிச்சுட்டானுவ. கேட்டீயளா, அந்தச் சிரிப்புதான் கேடு. அவ சொன்னத அவரு அப்பமே மறந்திருப்பாரு. சிரிப்ப மறக்க முடியல.

அன்னைக்கே உத்தரவு போட்டாரு. அடுத்த ஞாயிறு ஊரு முழுக்க கோயில்ல இருக்கணும். கைக்கொழந்தை மொதக்கொண்டு. ஒரு பெட்டி அசையப்படாது. அசைஞ்சா சபையவிட்டு நீக்கம். சபையவிட்டு நீக்கிட்டா அந்தக் காலத்துல என்ன அர்த்தம் தெரியுமா? கல்யாணம் கெடையாது, கல்லறை கெடையாது, ஒரு வீட்டுல நெருப்பு கேட்டா குடுக்க மாட்டாவ.

பரிபூரணம் அவ அய்யாகிட்ட வந்து நின்னா. "நான் போவல" ன்னா. மாசிலாமணி சொன்னாராம், "போயிட்டு வாம்மா. கொஞ்ச நேரந்தான. மணல் எனக்குப் புதுசா?"

அந்த ஞாயிறு வந்துது.

காலையில காத்தே இல்லையாம். ஆடி மாசத்துல காத்து இல்ல. ஒரு ஓலை அசையல. காக்கா ஒண்ணுகூட இல்ல. ஆட்ட அவுத்து விட்டா, அது மேக்க போவாம கோயில் செவத்தோட ஒட்டி நின்னுக்கிட்டுது. வயசானவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. ஒருத்தரும் வாயத் தொறக்கல. உத்தரவுல்லா.

கோயிலுக்குள்ள ஊரே உக்காந்திருக்கு. கதவுல ரெண்டு ஆளை நிறுத்தி வச்சிருக்காரு. பாட்டு முடிஞ்சுது, பிரசங்கம் தொடங்குச்சு. கீழ்ப்படிதலப் பத்தி. நல்லாத்தான் பேசினாராம். பாதிப் பிரசங்கத்துல சன்னல் வெளிச்சம் மஞ்சளாச்சு. அப்புறம் செவப்பாச்சு. கூரையில சர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். மழை மாதிரி. ஆனா மழை இல்ல.

பரிபூரணம் எந்திரிச்சா. "அய்யா, எங்கய்யா ஒத்தையில கெடக்காவ."

"உக்காரு. ஜெபம் முடியல."

உக்காந்தா. சத்தம் கூடுது. சர்ர்ர்ருன்னு இருந்தது ஓன்னு ஆச்சு. மறுபடி எந்திரிச்சா. "அய்யா, காத்து வந்துட்டு. எங்கய்யாவால எந்திரிக்க முடியாது."

"ஆண்டவரு பாத்துக்கிடுவாரு. உக்காரு."

உக்காந்தா. கோயிலுக்குள்ளயே இப்ப ஆளு மொகம் ஆளுக்குத் தெரியல. மூணாந்தடவை எந்திரிச்சா. அவ வாயத் தொறக்கும்முன்ன அவரு கொரல ஒசத்துனாரு. அவ சொல்லுறதும் கேக்கல, காத்தும் கேக்கல. அந்தக் கொரலுதான் கேட்டுது. அவ அக்கம்பக்கத்துல உள்ளவளப் பாத்தா. எல்லாரும் தலையக் கவுந்துக்கிட்டாவ. அத்தன பேரு இருந்தாவ. ஒருத்தரும் எந்திரிக்கல.

ஜெபம் முடிஞ்சு கதவத் தொறந்தா, மேக்கோரம் குடிசை இல்ல. முகட்டுக் கம்பு மட்டும் ஒரு சாண் தெரியுது. மேக்குச் செவரு உள்ள விழுந்து, அது வழியா தேரி உள்ள போயிட்டு. ஊரே கையால தோண்டுச்சு. தோண்டத் தோண்ட சரியுது. கட்டில் தட்டுப்பட்டுது. அப்புறம் அவரு. பாவி மனுசன், கட்டில்ல இருந்து எறங்கி, வாசலப் பாத்து ரெண்டு முழம் ஊர்ந்து வந்திருக்காரு. வாய் நெறைய மணலு.

பரிபூரணம் அழலியாம். சேலைத் தலைப்பால அய்யா வாயத் தொடைச்சா. தொடைச்சுட்டு, திரும்பி உபதேசியாரப் பாத்தா.

"ஜெபத்த முடிச்சிட்டீரா?"

அதுவரைக்கும் அந்த ஊருல அவர யாரும் 'நீரு'ன்னு கூப்பிட்டது கெடையாது. அய்யா, நீங்க, அப்படித்தான். அன்னைக்குத் தொட்டு அவ வாயில அவரு 'நீரு'தான்.

அடக்கம் முடிஞ்சுது. உபதேசியாரு வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்திட்டாரு. மூணு நாளு மணி அடிக்கல. ஆளு ஓடிட்டாருன்னு நெனச்சாவ. ஓடியிருந்தா நல்லதுன்னும் நெனச்சாவ. நாலாம் நாளு கதவு தொறந்துது. கையில ஒரு கடவப்பெட்டி. குடை இல்ல.

நேரே பரிபூரணத்துக்கிட்டப் போனாரு. அவ மிச்ச ஓலைய வச்சு கெழக்க ஒரு சாய்ப்பு போட்டிருந்தா. இவரு வாசல் மணல அள்ளக் குனிஞ்சாரு.

"வேண்டாம். உம்ம கை என் வாசல்ல படவேண்டாம்."

அவரு எந்திரிச்சு ஊர்க்கிணத்துக்குப் போனாரு. கோயிலுக்கு மேக்க நூறு தப்படியில இருந்துது கிணறு. அதச் சுத்தி மணல் ஏறிக்கிட்டே இருக்கும், எல்லாரும் மொறை வச்சு அள்ளுவாவ. இவரு அள்ளத் தொடங்கினாரு.

இத்தோட மனுசன் மாறிட்டாருன்னு நெனைக்காதீய. எங்க மாறுனாரு! அள்ளுதாரு, சொமக்குதாரு, பேசுதாரு. தண்ணிக்கு வாற ஒவ்வொருத்தர்கிட்டயும், "பாத்தீங்களா? இந்த உடம்பு இதுவரைக்கும் மண் தொட்டதில்ல. இன்னைக்குச் சொமக்குது. கிறிஸ்தவன்னா இப்படித்தான் தாழ்ந்து போகணும்" ங்காரு. அதே கொரலு. பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் கேக்குற கொரலு. பத்து நாளு இப்படி. ஊரு தண்ணி எடுக்கவே பயந்துதாம்.

பரிபூரணம் ஒரு நாளு கொடத்தோட வந்தா. அவகிட்டயும் தொடங்கினாரு. அவ கொடத்த எறக்கி வச்சா.

"ஒண்ணு சொல்லட்டா? நீரு ஒரு பெட்டி மண்ண எடுத்துட்டு, பத்துப் பெட்டி பேச்ச எங்க தலையில ஏத்துதீரு. மண்ணுகூட பரவாயில்ல. சொமந்தா வாய மூடிச் சொமயும். இல்லன்னா பெட்டியக் கீழ போடும்."

அவரு பெட்டியக் கீழ போட்டுட்டாரு. கிணத்து மேட்டுல உக்காந்துட்டாரு. பொழுது சாயுற வரைக்கும் அங்கனயே இருந்தாருன்னு சொல்லுதாவ. மறுநாளு விடிஞ்சதும் மறுபடி வந்தாரு. அள்ளினாரு. பேசல.

அன்னைக்குத்தான் மனுசன் மாறத் தொடங்குனாரு. அதுக்கப்புறமும் வேலை லேசுல கைக்கு வந்துரல. தோளு தோலு உரிஞ்சு போச்சு. பாதி மணல் முதுகு வழியா கொட்டும். ஆசீர்வாதம்னு ஒரு பனையேறி இருந்தாரு, வாயில்லா மனுசன். அவருகிட்டப் போயி, "தலையில சும்மாடு எப்படிச் சுத்தணும்?" னு கேட்டாராம். அந்த ஊருக்கு வந்து அவரு ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேட்டது அதுதான் மொத தடவை.

கோவம் எங்க போவும்? வரும். சுள்ளுன்னு வரும். ஒருத்தன வைவாரு. மறுநாளு காலையில அவன் வீட்டு வாசல்ல நிப்பாரு. "நேத்து நான் சொன்னது தப்பு." அவ்வளவுதான், போயிருவாரு. கதவுல ஆளு நிறுத்துறத விட்டாரு. ஆடி மாசத்துல பிரசங்கம் குறுகிப் போச்சு. ஞாயித்துக்கெழமை ஒரு வீட்டுல இருந்து ஆளு வரலன்னா, ஜெபம் முடிஞ்சதும் பெட்டியோட அந்த வீட்டுக்குப் போவாரு. ஏன் வரலன்னு கேக்க மாட்டாரு. அள்ளுவாரு. மத்த மாசத்துல தேரி அடிவாரத்துல பனங்கொட்டை ஊனுவாரு, தாழை நடுவாரு. கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துவாரு. பத்து நட்டா ஒம்பது காஞ்சு போவும். அந்த ஒம்பதையும் திரும்ப நடுவாரு.

இப்படி ஏழு வருசம். பரிபூரணம் வாசல்ல மட்டும் அவரு கை படல.

ஏழாம் வருசம் ஆடியில வந்துது பாருங்க ஒரு காத்து. பதினோரு நாளு. நின்னு அடிச்சுது. பகலா ராவான்னு தெரியாம எல்லாமே செவப்பு. வீடு ஒவ்வொண்ணா அமுங்குது. ஊருல கல்லுக் கட்டடம் கோயிலு ஒண்ணுதான். நூத்தி இருவது உசுரும் ஆடு மாடும் கோயிலுக்குள்ள. கெழக்க ஓடலாம்னா, ரெண்டு பேரு ஓடிப் பாத்தாவ, அவியள அப்புறம் யாரும் பாக்கல.

தண்ணி வேணும்லா? கிணறு மேக்க நூறு தப்படி. ஒரு நாழி விட்டா மூடிப் போவும். உபதேசியாரு தன் வீட்டுக் கதவப் பேத்து எடுத்துட்டு வந்து கிணத்து மேல போட்டாரு. ஆனா கதவு மேல மணல் ஏறிச்சுன்னா, கனம் தாங்காம ஒடைஞ்சு உள்ள விழுந்துரும். அதனால ஒரு ஆளு அங்கனயே நின்னு தள்ளிக்கிட்டே இருக்கணும். கோயில் தூணுல இருந்து கிணறு வரைக்கும் பனைநாருக் கயிறு கட்டுனாவ. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் போவணும், வரணும்.

மொத நாளு இவரு எந்திரிச்சுப் போனாரு. யாரையும் கூப்பிடல. ரெண்டாம் நாளு ஆசீர்வாதம் தானா எந்திரிச்சாரு. அப்புறம் இன்னொருத்தரு. இன்னொருத்தரு. மாறி மாறி ஒம்பது நாளு ஓடிட்டு. பத்தாம் நாளு ஆசீர்வாதம் திரும்பி வந்தப்போ ரெண்டு கண்ணும் ரத்தமாக் கட்டியிருந்துது. பாக்க முடியல.

பதினோராம் நாளு உபதேசியாரு கதவுப் பக்கம் நின்னு சொன்னாரு. "இன்னைக்கு நான் மட்டும் போறேன். நீங்க யாரும் வரவேண்டாம். உத்தரவு இல்ல. கேட்டுக்கிடுதேன்."

இன்னொரு கயித்த இடுப்புல கட்டுனாரு. "ஒரு பெட்டி தள்ளுனா ஒரு இழுப்பு இழுப்பேன். இந்த நுனிய யாராச்சும் பிடிச்சுக்கிடுங்க."

பரிபூரணம் வந்து கயித்த வாங்குனா.

அவரு அவ கையப் பாத்தாரு. அவ மொகத்தப் பாத்தாரு. வெளிய எறங்கிட்டாரு.

இழுப்பு வருது. ஒண்ணு. ரெண்டு. காத்து செவத்துல மோதுற மோதுல கல்லு அதிருது. இழுப்பு வருது. உச்சிப் பொழுது இருக்கும், இழுப்பு லேசாச்சு. அப்புறம் எப்பவாச்சும் ஒண்ணு. அப்புறம் நின்னு போச்சு.

அவ எந்திரிச்சா. "கதவத் தொறங்க."

"காத்து அடங்கட்டும் பிள்ள. கொஞ்சம் பொறு, உக்காரு" ன்னாவ ஆம்பளைய.

அவ அவியளத் திரும்பிப் பாத்தாளாம். "அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்திருந்தோம்."

தொறந்தாவ. சேலைத் தலைப்ப மொகத்துல சுத்திக்கிட்டு கயித்தப் பிடிச்சே போனா. கிணத்து ஓரமா, அந்தக் கதவ ஒட்டி, நெஞ்சளவு மணலுக்குள்ள அவரு. பெட்டி எங்கயோ பறந்துட்டு. ரெண்டு கையாலயும் வாரித் தள்ளிக்கிட்டே இருக்காரு. தள்ளுறது தனக்குத் தெரியாது, கண்ணு மூடியிருக்கு, கை மட்டும் போவுது. வாய் நெறைய மணலு. அவ விரல விட்டுத் தோண்டி எடுத்தா. கக்கத்துல கயித்தக் கட்டி, ரெண்டு இழுப்பு இழுத்தா. உள்ள இருந்து ஊரே சேந்து இழுத்துது. அவ வரல. காத்து அடங்குற வரைக்கும் அவ அங்கனயே நின்னு வாரித் தள்ளுனா. கதவு ஒடையல.

சாயங்காலம் காத்து நின்னுட்டு. கதவ நகத்துனா, கீழ தண்ணி தெளிஞ்சு கெடக்கு. நூத்தி இருவது உசுரும் அந்தத் தண்ணியில பொழச்சுது.

அவரும் பொழச்சாரு. ஆனா கொரலு போச்சு. வாயத் தொறந்தா மணல் சரியுற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்ப வரவே இல்ல.

பாதிரியாரு வண்டியில வந்தாரு. பாத்துட்டு வருத்தப்பட்டாரு. "பேச முடியாத ஆளு எப்படி உபதேசியாரா இருக்க முடியும்? வேற ஆளு அனுப்புறேன்" னாரு. ஆசீர்வாதம், ஒரு கண்ணு போன மனுசன், வாயே தொறக்காதவரு, எந்திரிச்சு நின்னாரு.

"அய்யா, அவரு பேசின காலத்துல எங்களுக்கு உபதேசியாரு இல்ல. இப்பந்தான் இருக்காரு. எடுத்துட்டுப் போயிராதீய."

பாதிரியாரு தனியாவே திரும்பிப் போனாரு.

அதுக்கப்புறம் பத்தொம்பது வருசம் அவரு இந்த ஊருல இருந்தாரு. சொல்ல வேண்டியத மணல்ல விரலால எழுதுவாரு. யாருக்கும் வாசிக்கத் தெரியாதே? பரிபூரணம் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டா. ஞாயித்துக்கெழமை வேதம் வாசிக்கிறது அவதான். பொம்பளை வாசிக்கலாமான்னு வெளியூர்ல பேசினாவ. இங்க யாரும் பேசல. அவ அவர மன்னிச்சாளான்னு கேப்பீய. மன்னிச்சேன்னு ஒரு நாளும் சொல்லலன்னுதான் சொல்லுதாவ. அவரும் கேக்கல. எந்த வருசம்னு தெரியல, ஒரு ஆடியில அவரு அவ வாசல் மணல அள்ளிக்கிட்டு இருந்தத ஊரு பாத்துருக்கு. அவளும் கூட அள்ளிக்கிட்டு இருந்தாளாம்.

கோயிலுக்கு மேக்க கிணறு பாத்தீயல்லா, சுத்தி மேடு கட்டி? அதுக்குப் பேரு பேசாக்கிணறு. இந்த ஊருல பாதிரியாரா வந்தாலும் சரி, சபை மூப்பராத் தெரிஞ்செடுத்தாலும் சரி, மொத ஆடியில அந்தக் கிணத்தச் சுத்தி ஏறுன மணல அவரு நாப்பது பெட்டி அள்ளிச் சொமக்கணும். ஒரு வார்த்தை பேசப்படாது. ஊரு முழுக்கச் சுத்தி நிக்கும், அதுவும் பேசாது. நாப்பதாவது பெட்டியக் கொட்டிட்டு அவரு மேக்கப் பாத்து நிக்கணும். அப்பம் அந்த அமைதியில தேரியில இருந்து சர்ர்ருன்னு ஒரு சத்தம் வரும். மணல் நடக்கிற சத்தம். இன்னும் நின்னபாடில்ல அது.

ஊருலயே வயசான பொம்பளை கிட்ட வந்து ஒண்ணே ஒண்ணு கேப்பா: "கேட்டுதா?"

கேட்டுதுன்னு தலையாட்டினாத்தான் மணி அடிப்போம், அவரு வாயத் தொறக்கலாம். எங்க அய்யா காலத்துல ஒரு மூப்பரு அவசரத்துல, ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டாராம். யாரும் கோவப்படல. அவரு கையில திரும்பவும் பெட்டியக் குடுத்துட்டாவ.